பிரித்த வீடும் இடித்த வீடும்

ஒரு வீட்டை இல்லாமல் ஆக்குவதற்குத் தமிழில் இரண்டு வினைச்சொற்கள் இருக்கின்றன. ஓட்டு வீட்டைப் பிரிப்பார்கள். மாடி வீட்டை இடிப்பார்கள். யாரும் யோசித்துச் சொல்வதில்லை, வாயில் தானாக அப்படித்தான் வரும். சேலத்தில் குகை என்னும் பகுதியில் இருந்த எங்கள் தாத்தா வீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டும் நடந்தன. முன்கட்டு பழைய ஓட்டு வீடு, தறி போட்டிருந்த கூடம். பின்கட்டு அப்பா எழுப்பிய காங்கிரீட் தளம், இரண்டு அறையும் சமையற்கட்டும். முன்கட்டைப் பிரிக்கப் பன்னிரண்டு நாள் ஆனது. பின்கட்டை இடிக்க ஒன்றரை நாள். கட்டடப் பொருளை மறுபடி பயன்படுத்துவது என்றால் என்ன, அதற்கும் ஊருக்கும் என்ன சம்பந்தம் என்று யாராவது கேட்டால் நான் அந்த மாதத்தைத்தான் எடுத்துச் சொல்வேன்.

முதலில் ஓடு. கூரைமேல் இருவர், ஏணியில் ஒருவர், தரையில் ஒருவர். சீமை ஓடு ஒவ்வொன்றாகக் கைமாறி இறங்கியது. அது ஆணியடித்து நிற்பதில்லை. அடியில் இருக்கும் சின்ன மூக்கு ரீப்பர் என்னும் மெல்லிய மரச்சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. மேல்பக்கமாகத் தூக்கினால் கழன்றுவிடும். ஓட்டுக்குக் கீழே ரீப்பர், அதற்குக் கீழே கை மரங்கள், நடுவே விட்டம். விட்டத்தையும் தூணையும் கழுந்தும் துளையுமாகப் பொருத்தியிருந்தார் அந்தக் காலத்து ஆசாரி. இரண்டு பேர் தோள் கொடுத்துத் தூக்கியதும் அது வந்துவிட்டது.

பிறகு சுவர். செம்மண் சாந்து வைத்துக் கட்டி, முகத்தில் மட்டும் சுண்ணாம்பு பூசிய சுவர் அது. வரிசை இடுக்கில் கடப்பாரை நுனியை விட்டு நெம்பினால் செங்கல் முழுசாக வந்தது. கீழே ஒரு சித்தாள் அக்கா சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தார். கல்லை இடது கையில் பிடித்து, கரண்டியின் விளிம்பால் மேலே ஒரு தட்டு, பக்கவாட்டில் ஒரு தட்டு, திருப்பிப் போட்டு ஒரு தட்டு. மண் பொலபொலவென்று உதிரும், கல் அடுக்குக்குப் போகும். வேகத்தைப் பார்த்து வாயைப் பிளந்து நின்ற என்னிடம், “இதுல என்னங்க தம்பி இருக்குது, வெங்காயம் உரிக்கிற மாதிரிதான்” என்றார்.

பின்கட்டுக்கு பிரேக்கர் மாட்டிய ஜேசிபி வந்தது. அதன் சத்தத்தில் எதிர்வீட்டுத் தறியை நிறுத்திவிட்டார்கள். அங்கேயும் செங்கல் இருந்தது, தாத்தா காலத்து நாட்டுக்கல்லைவிட நல்ல சேம்பர் செங்கல். ஆனால் உருப்படியாக ஒன்றும் வரவில்லை. மேஸ்திரி இரண்டு கல் ஒட்டிக்கிடந்த கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினார். “இதப் பிரிக்கறதுக்குள்ள கல்லு தூளாயிருங்க. சிமெண்டு விடாதுங்க.” தளத்திலிருந்து உருவிய கம்பி பழைய இரும்புக் கடைக்குப் போனது. மிச்சம் நான்கு டிப்பர் லோடு ரப்பிஷ், அதாவது இடிபாட்டுக் குப்பை. அது எங்கே போய்க் கொட்டப்பட்டது என்று நான் அன்றைக்குக் கேட்கவில்லை.

ஒட்டில்தான் எல்லாமும்

இந்த இரண்டு கட்டுக்கும் என்ன வித்தியாசம்? பழசு நல்லது, புதுசு கெட்டது என்பதல்ல. பின்கட்டுதான் உறுதியானது, மழைக்கு ஒழுகாது, கரையான் ஏறாது. வித்தியாசம் முழுவதும் ஒட்டில் இருக்கிறது. மண் சாந்தும் சுண்ணாம்புச் சாந்தும் செங்கல்லைவிட மெலிந்தவை. நெம்பும்போது முதலில் விட்டுக்கொடுப்பது சாந்து, தப்பிப்பது கல். சிமெண்ட் கலவை கல்லின் நுண்துளைகளுக்குள் இறங்கி இறுகிப் பிடித்துக்கொள்கிறது. நெம்பினால் பல நேரம் கலவைக்கு முன்னால் கல்லே உடைந்துவிடும். காங்கிரீட் தளத்தில் நிலைமை இன்னும் கடினம். ஜல்லி, மணல், சிமெண்ட், கம்பி எல்லாம் சேர்ந்து ஒரே கல்லாகிவிட்ட பிறகு, அதில் ‘பொருள்கள்’ என்று தனித்தனியாக எதுவும் இல்லை.

ஆகவே ஒரு கட்டடம் மறுபடி பயன்படுமா என்பது அதை உடைக்கும் நாளில் தீர்மானமாவதில்லை. கட்டும் நாளில், எதை எதோடு எப்படிச் சேர்த்தோம் என்பதில் தீர்மானமாகிவிடுகிறது. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிதில் விளங்கும்.

இனி பெயர்கள். மறுபயன்பாடு, மறுசுழற்சி என்று இரண்டு சொற்களைச் செய்தித்தாளில் கலந்துகட்டி எழுதுகிறார்கள். இரண்டும் வேறு. அம்மாவின் பட்டுச்சேலையை வெட்டி மகளுக்குப் பாவாடை தைத்தால் அது மறுபயன்பாடு. அதே சேலையின் ஜரிகையை எரித்து உருக்கி வெள்ளியை எடுத்தால் அது மறுசுழற்சி. கிழித்து வாசலில் கால்மிதியாகப் போட்டாலும் ஒரு வகையில் பயன்படுத்தியதுதான், ஆனால் சேலையின் மதிப்பு போய்விட்டது. வீட்டுக்கும் இதே கணக்கு. பழைய நிலைக்கதவைப் புது வீட்டில் வைப்பது பாவாடை. கம்பியை உலையில் உருக்கி மறுபடி கம்பியாக்குவது ஜரிகை. செங்கல்லை உடைத்துப் பள்ளத்தில் நிரப்புவது கால்மிதி. நம் ஊர்களில் இன்று பெரும்பாலும் நடப்பது மூன்றாவது. அதுவும் வாசலில்கூட இல்லை, ஏரிக்குள்.

முதலாவது ஏன் உயர்ந்தது? நெருப்பு வேண்டாம் என்பதால். சங்ககிரிப் பக்கம் போகிறவர்கள் சிமெண்ட் ஆலையைப் பார்த்திருப்பார்கள். சிமெண்டுக்கு மூலமான கிளிங்கரைச் சுட சுமார் 1450 டிகிரி செல்சியஸ் சூடு தேவை. எரிபொருளின் புகை ஒரு பக்கம். அதைவிட முக்கியம், சுண்ணாம்புக்கல் சூட்டில் பிளந்து தனக்குள் இருக்கும் கார்பன் டை ஆக்சைடைத் தானே வெளியே விடுகிறது. ஒரு டன் கிளிங்கருக்குக் கல்லிலிருந்து மட்டும் அரை டன்னுக்குச் சற்று மேல். சூரிய மின்சாரத்தில் ஆலையை ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. உலகம் வெளியிடும் கார்பன் டை ஆக்சைடில் 7 முதல் 8 சதவீதம் சிமெண்டுக்குரியது என்று கணக்கிடுகிறார்கள். செங்கல் சூளையைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் முன்கட்டுச் செங்கல் தாத்தாவின் காலத்தில் வெந்தது, அந்த விறகு அன்றைக்கே எரிந்து முடிந்தது. அதே கல்லை இன்று திரும்ப வைத்தால் புதிதாக ஒரு சுள்ளிகூட எரிவதில்லை.

எடையையும் பார்த்துவிடலாம். மத்திய அரசின் டைஃபாக் அமைப்பின் மதிப்பீட்டில், கட்டடத்தை இடிக்கும்போது சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை கழிவு வரும். ஆயிரம் சதுர அடி என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அதாவது சின்ன வீடு ஒன்றிலிருந்து 28 டன்னிலிருந்து 46 டன் வரை. ஒரு தெருவில் வருஷத்துக்கு இரண்டு வீடு என்று வைத்துக்கொண்டு உங்கள் வார்டைப் பெருக்கிப் பாருங்கள்.

இடிக்காமலே இருந்தால்

எல்லாவற்றிலும் மேலான மறுபயன்பாடு ஒன்று உண்டு, அதைப் பலர் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கட்டடத்தை அப்படியே வைத்துக்கொண்டு வேலையை மட்டும் மாற்றுவது. இதைப் புரிந்துகொள்ள ஏற்காடு போக வேண்டும். சுமார் 1500 மீட்டர் உயரம், சேலத்திலிருந்து ஏறும் சாலையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். மணல், சிமெண்ட், கம்பி, எதுவாக இருந்தாலும் லாரி அந்த வளைவுகள் அத்தனையையும் ஏறித்தான் கொண்டு வர வேண்டும். அதனால் மலையில் ஒரு கல்லுக்கு இருக்கும் மரியாதை கீழே இல்லை. சேர்வராயன் மலையே சார்னோகைட் என்னும் கெட்டியான கருங்கல்லால் ஆனது. காப்பித் தோட்டத்துப் பழைய பங்களாக்களின் தடித்த கல் சுவர்கள் இன்றும் நிற்கின்றன. துரை தங்கிய பங்களா பிறகு எஸ்டேட் ஆபீஸாகி, இப்போது விடுதியாகி இருக்கும். கூரையை மாற்றுவார்கள், குளியலறை சேர்ப்பார்கள், சுவரைத் தொட மாட்டார்கள். தொட்டால் அந்தக் கல்லைத் திரும்ப எடுத்து அடுக்கும் ஆள் கூலிக்குப் பதில் சொல்ல வேண்டும்.

கீழே நகரத்தில் நாம் செய்வது நேர்மாறு. எலும்புக்கூடு நன்றாக இருக்கும் வீட்டைக்கூட, தரை பழசாகிவிட்டது, வாஸ்து சரியில்லை என்று தரைமட்டமாக்குகிறோம். எங்கள் பின்கட்டையும் இடித்திருக்க வேண்டியதில்லை என்பது என் கட்சி. வீட்டில் தோற்றுப்போன கட்சி, விடுங்கள்.

எடுத்த கல்லை எப்படிப் பார்ப்பது

இடிப்பதோ பிரிப்பதோ முடிவான பிறகு, கையில் கிடைத்த பொருளை நம்பலாமா என்ற கேள்வி வருகிறது. செங்கல்லுக்குச் சோதனை எளிது. இரண்டு கல்லை ஒன்றோடொன்று தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும். மொத்தென்று கேட்டால் உள்ளே விரிசல், அல்லது சரியாக வேகாதது. நகத்தால் கீறினால் கோடு விழக் கூடாது. இடுப்பு உயரத்திலிருந்து கெட்டி மண் தரையில் விட்டால் உடையக் கூடாது. கொஞ்சம் பொறுமை இருந்தால் உலர்ந்த கல்லை எடை போட்டு, 24 மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து மறுபடி எடை போடுங்கள். சாதாரணச் செங்கல் தன் எடையில் 20 சதவீதத்துக்கு மேல் தண்ணீர் குடிக்கக் கூடாது என்பது இந்தியத் தர நிர்ணயம். மூன்று கிலோக் கல் 3.6 கிலோவைத் தாண்டினால் அதைச் சுவருக்கு எடுக்காதீர்கள், ஜல்லியாக உடைத்துக்கொள்ளுங்கள்.

இதில் நானே ஒரு தப்பு செய்தேன். சுவரின் அடிவரிசைக் கற்களில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. பல்லாண்டு காலமாகத் தரை ஈரத்தை உறிஞ்சி நின்ற கற்கள். மேஸ்திரி வேண்டாம் என்றார். தட்டினால் கணீரென்று ஒலிக்கிறதே என்று நான் அவற்றையும் சேர்த்துத் துணி துவைக்கும் இடத்துக்குச் சுவர் வைக்கச் சொன்னேன். ஒரு மழைக்காலம் தாங்கியது. அடுத்த தையில் பூச்சு அப்பளம் மாதிரி எழும்பி உதிர்ந்தது. கல்லுக்குள் இருக்கும் உப்பு ஈரத்தில் கரைந்து வெளியே வந்து, காயும்போது படிகமாக விரிந்து பூச்சைத் தள்ளுகிறது. பழைய கல்லில் அடி மூன்று வரிசையைத் தனியாகக் கழித்துவிட வேண்டும் என்பதை அப்படிக் கற்றுக்கொண்டேன்.

பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றில் ஏறக்குறைய ஆயிரம் கல் இருக்கும். அதில் பாதி தேறினாலும் ஐந்நூறு. அவற்றைக் கட்டும் முன் நன்றாக நனைக்க வேண்டும். பழைய கல் வறண்டு கிடப்பதால் கலவையின் தண்ணீரைக் குடித்துவிடும்.

மரத்தில் முதலில் பார்க்க வேண்டியது ஆணி. ஒரே ஒரு ஆணி போதும், இழைப்புளியின் நாக்கையும் ரம்பத்தின் பல்லையும் கெடுத்துவிடும். அப்புறம் கரையான். சுத்தியால் நீளவாக்கில் தட்டிக்கொண்டே வந்தால் உள்ளே குடைந்த இடம் பொள்ளென்று கேட்கும். மற்றபடி, பழைய தேக்கைப் போல் நம்பகமான மரம் இன்று கடையில் கிடைப்பதரிது. காய வேண்டியதெல்லாம் எப்போதோ காய்ந்துவிட்டது, இனி முறுக்காது. இதை மற்றவர்களுக்கு முன்னால் உணர்ந்த ஊர் காரைக்குடி. செட்டிநாட்டு வீடுகளிலிருந்து வந்த தூண், கதவு, ஜன்னல் எல்லாவற்றுக்கும் அங்கே சந்தையே இருக்கிறது. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் இருக்கும் தட்சிண சித்ரா அருங்காட்சியகத்தில் போய்ப் பார்த்தால், பிரித்துக் கொண்டுவந்து மறுபடி எழுப்பிய முழு வீடுகளே நிற்கின்றன.

உடைந்த ஓட்டுக்கும் வேலை உண்டு. இங்கிலாந்தில் பிறந்து கேரளத்தில் வாழ்ந்து மறைந்த கட்டடக் கலைஞர் லாரி பேக்கர் (1917–2007) தென்னிந்தியாவில் பரவலாக்கிய ஃபில்லர் ஸ்லாப் முறை அது. தளம் ஒன்றில் பாரம் ஏறும்போது மேல்பாதி நசுங்குகிறது, கீழ்பாதி இழுபடுகிறது. காங்கிரீட் நசுங்குவதைத் தாங்கும், இழுபடுவதைத் தாங்காது. அதற்குத்தான் கீழே கம்பி. அப்படியென்றால் கம்பிகளுக்கு நடுவே கீழ்பாதியில் இருக்கும் காங்கிரீட் பெரிதாக எதையும் சுமப்பதில்லை. அந்த இடத்தில் பழைய சீமை ஓட்டை வைத்து மேலே காங்கிரீட் போடுகிறார்கள். சிமெண்ட் மிச்சம், எடை மிச்சம். இரண்டு ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்றாகக் கவிழ்த்தால் நடுவில் காற்று அடைபட்டு வெக்கையையும் கொஞ்சம் தடுக்கும். சித்திரையில் சேலத்து மொட்டைமாடிக்குக் கீழே படுத்தவர்களுக்கு அந்தக் ‘கொஞ்சம்’ எவ்வளவு என்று தெரியும். ஆனால் கம்பியின் அளவும் இடைவெளியும் பொறியாளர் கணக்குப் போட்டுத் தர வேண்டியவை. வீடியோ பார்த்துவிட்டு மேஸ்திரியிடம் சொல்லிச் செய்கிற வேலையல்ல.

பேக்கர் பெயரோடு சேர்ந்தே சொல்லப்படும் எலிப்பொறிக் கட்டு, அதாவது செங்கல்லைப் பக்கவாட்டில் நிறுத்தி நடுவில் வெற்றிடம் விட்டுக் கட்டுவது, சுமார் 25 சதவீதம் கல்லை மிச்சப்படுத்தும். பழைய கல் குறைவாகத் தேறினால் இது கைகொடுக்கும் என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்தக் கட்டுக்குக் கல் ஒரே அளவில் இருக்க வேண்டும். நாட்டுச் சூளைக் கல்லில் இரண்டை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அண்ணன் தம்பி மாதிரி இருக்கும், இரட்டையர் மாதிரி இருக்காது.

திரும்ப எடுக்கவே கூடாதவையும் உண்டு. பழைய கம்பியை நிமிர்த்தி மறுபடி தூணிலும் பீமிலும் வைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வளைத்து நிமிர்த்திய இடத்தில் கம்பி பலம் இழந்திருக்கும். அதை உலைக்கு அனுப்புவதே சரி. இன்னொன்று பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். அதை அறுத்தாலோ உடைத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார்கள் நுரையீரலுக்குள் போய்த் தங்கிவிடும். நனைத்து, உடைக்காமல், முழுசாக இறக்கி அப்புறப்படுத்த வேண்டும். ‘மாட்டுக்கொட்டகைக்கு ஆகும்’ என்று கேட்டு வருகிறவர்களுக்கும் கொடுக்காதீர்கள்.

நான்கு டிப்பரின் கதை

இப்போது அந்தப் பின்கட்டு ரப்பிஷுக்கு வருவோம். பிரிக்க முடியாதது என்று ஆகிவிட்டது. அப்படியானால் ஏரிதானா? இல்லை. கம்பியை எடுத்துவிட்டுக் காங்கிரீட் கட்டிகளை அரவை இயந்திரத்தில் உடைத்துச் சலித்தால் ஜல்லி கிடைக்கும். இந்தியாவில் இதற்கான முதல் ஆலை 2009-இல் டெல்லி புராரியில் தொடங்கியது. கிடைக்கும் ஜல்லியை எங்கே, எவ்வளவு சேர்க்கலாம் என்பதை 2016-இல் திருத்திய ஐ.எஸ். 383 தரநிர்ணயம் சொல்கிறது. காங்கிரீட்டை உடைத்துப் பெற்ற ஜல்லியைக் கம்பி இல்லாத காங்கிரீட்டில் 25 சதவீதம் வரையும், எம்25 வரையிலான கம்பி போட்ட காங்கிரீட்டில் 20 சதவீதம் வரையும் கலக்கலாம். அஸ்திவாரத்துக்கு அடியில் போடும் பிசிசி போன்ற மெலிந்த கலவையில் முழுக்க முழுக்க அதையே போடலாம். எம்25 என்றால் 28 நாளில் சதுர மில்லிமீட்டருக்கு 25 நியூட்டன் அழுத்தம் தாங்கும் கலவை.

ஏன் இவ்வளவு கட்டுப்பாடு என்றால், உடைத்த ஜல்லியின் மேல் பழைய கலவை ஒட்டிக்கொண்டே வருகிறது. அது பஞ்சுபோல் தண்ணீரை உறிஞ்சும். செங்கல் தூளும் பூச்சும் கலந்த ரப்பிஷாக இருந்தால் நிலைமை இன்னும் மோசம். அதிலிருந்து வரும் ஜல்லிக்கு மெலிந்த கலவையில் மட்டும்தான் இடம். ஆக, காங்கிரீட்டையும் செங்கல்லையும் ஒரே குவியலாகத் தள்ளிய ஜேசிபிக்காரர், தெரியாமலே எங்கள் ரப்பிஷின் தரத்தை ஒரு படி இறக்கிவிட்டார். தனித்தனியாகக் குவிக்கச் சொல்ல எனக்கும் தெரியவில்லை. சொல்லியிருந்தால் அரை மணி நேரம் கூடுதலாகியிருக்கும், அவ்வளவுதான்.

சட்டமும் இதைத்தான் கேட்கிறது. 2016 மார்ச்சில் வந்த கட்டுமான, இடிப்புக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, ஒரு நாளைக்கு 20 டன்னோ அதற்கு மேலோ, அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னோ அதற்கு மேலோ கழிவு உண்டாக்குகிறவர்கள் காங்கிரீட், மண், இரும்பு–மரம்–பிளாஸ்டிக், செங்கல்–கலவை என்று பிரித்து வைத்தாக வேண்டியிருந்தது. சின்ன வீட்டுக்காரரும் கழிவைச் சாலையிலோ வடிகாலிலோ கொட்டக் கூடாது, உள்ளாட்சி காட்டும் இடத்தில் சேர்க்க வேண்டும் என்றும் அவை சொல்லின. அவற்றுக்குப் பதிலாக, 2026 ஏப்ரல் 1-ஐ நடைமுறைத் தேதியாகக் கொண்டு வந்த புதிய விதிகள், 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுகிற பெரிய திட்டங்களின்மீது மறுசுழற்சிப் பொறுப்பையே சுமத்துகின்றன.

சேலத்துக்கு இது ஏன் உறைக்க வேண்டும் என்றால், இது ஏரிகளும் ஓடைகளும் கோத்த ஊர். சேர்வராயன் மலையில் பெய்யும் மழை திருமணிமுத்தாற்றிலும் ஏரிகளிலும் இறங்குகிறது. ஏரிக்கரையில் கொட்டிய ஒரு லோடு ரப்பிஷ் முதலில் கரையாகிறது, அப்புறம் பாதையாகிறது, அப்புறம் மனையாகிறது. பிறகு ஐப்பசி மழையில் தெருவுக்குள் தண்ணீர் வந்துவிட்டது என்று புலம்புகிறோம். இன்னொரு பக்கம், புது ஜல்லிக்காக மலையைக் குடைந்துகொண்டே இருக்கிறோம். ஏரியை நிரப்புவதும் மலையைக் குறைப்பதும் ஒரே கணக்கின் வரவும் செலவும்தான்.

ஒன்றைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். மேட்டூர் அனல்மின் நிலையத்தின் சாம்பலில் செய்த செங்கல்லையும் பலர் இந்தக் கணக்கிலேயே சேர்க்கிறார்கள். அது நல்ல காரியம்தான், ஆனால் தொழிற்சாலைக் கழிவுக்குக் கிடைத்த வேலை அது. ஃப்ளை ஆஷ் கல்லைச் சிமெண்ட் வைத்துக் கட்டினால், ஐம்பது வருஷம் கழித்து அதுவும் ரப்பிஷ்தான்.

தெருவுக்கு வந்தால்

நகர வடிவமைப்பு என்றதும் பெரிய வரைபடம் நினைவுக்கு வரும். எனக்கு நினைவுக்கு வருவது இன்டர்லாக் கல். பாதாளச் சாக்கடைக்கோ குடிநீர்க் குழாய்க்கோ ஒரு தெருவைத் தோண்டுகிறார்கள். சிமெண்ட் சாலையாக இருந்தால் வெட்டி எடுத்தது மொத்தமும் குப்பை. பிறகு போடும் ஒட்டுக்கும் பழைய சாலைக்கும் பொருந்தாமல் ஸ்கூட்டர் குதிக்கும். மணல் படுக்கையில் பதித்த இன்டர்லாக் கல் தெருவில், முதல் கல்லை நெம்பி எடுத்தால் மற்றவை வரிசையாக வந்துவிடும். ஓரமாக அடுக்கி, குழாய் போட்டு, மணலைச் சமன் செய்து, அதே கல்லை மறுபடி பதிக்கலாம். இங்கே மறுபயன்பாடு கல்லில் இல்லை, கல்லைச் சிமெண்டால் ஒட்டாமல் விட்டதில் இருக்கிறது. சில இடங்களில் உறுதி வேண்டும் என்று அந்தக் கல் இடுக்கிலும் சிமெண்ட் பாலை ஊற்றிவிடுகிறார்கள். பார்க்கும்போது வயிறு எரியும்.

ஒரு ஊர் முழுவதும் இப்படி யோசித்தால் என்ன ஆகும் என்பதற்குச் சீனாவின் நிங்போ நகர அருங்காட்சியகத்தைக் காட்டலாம். 2008-இல் திறந்தது. நகர விரிவாக்கத்துக்காகச் சுற்றுவட்டாரக் கிராமங்களை இடித்துத் தள்ளியபோது மிஞ்சிய ஓடுகளையும் செங்கற்களையும் பொறுக்கிச் சேர்த்து, அவற்றையே அடுக்கி அதன் வெளிச்சுவர்களை எழுப்பினார் கட்டடக் கலைஞர் வாங் ஷு. 2012-இல் அவருக்குக் கட்டடக் கலையின் உயரிய விருதான பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. புயலில் விழுந்த வீட்டின் துண்டு துணுக்குகளை வைத்து அவசரமாகச் சுவர் எழுப்பும் அந்த வட்டாரக் கொத்தனார்களின் பழக்கம்தான் அவர் கையாண்ட முறைக்கு அடிப்படை. நம் ஊரிலும் அந்த மூளை இருக்கிறது. பழைய கோயில் சுவர்களில் கல்வெட்டுக் கற்கள் தலைகீழாகவும் இடம் மாறியும் பதிந்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். திருப்பணி செய்தவர்கள் எழுத்தைப் படிக்காமல் போனாலும் கல்லை வீணாக்கவில்லை.

இதெல்லாம் லாபமா என்று கேட்டால், எப்போதும் இல்லை. இடிப்பு காண்ட்ராக்டர் மரத்தையும் இரும்பையும் மனதில் வைத்துத்தான் விலை பேசுகிறார். செங்கல் அவருக்கு உபரி, ரப்பிஷ் அவருக்குச் சுமை. பன்னிரண்டு நாள் கூலியா, ஒன்றரை நாள் ஜேசிபி வாடகையா என்றால் பெரும்பாலானவர்கள் எதை எடுப்பார்கள் என்று தெரிந்ததே. பழைய பொருளை எடுத்தால் செலவு பாதியாகும் என்று சொல்கிறவர்களை நம்பாதீர்கள். சுத்தம் செய்யும் கூலி, அடுக்கி வைக்க இடம், காத்திருக்கும் நாள் எல்லாவற்றுக்கும் காசு. இடம்தான் பெரிய சிக்கல். இன்று பிரித்த ஓட்டுக்கு வாங்குகிற ஆள் ஆறு மாதம் கழித்துத்தான் வருவார், அதுவரை அதை எங்கே வைப்பது? காயலான் கடையும் பழைய மரக்கடையும் இரும்புக்கும் மரத்துக்கும் இந்த வேலையைச் செய்கின்றன. செங்கல்லுக்கும் ஓட்டுக்கும் கல்லுக்கும் அப்படி ஒரு கிடங்கை ஒவ்வொரு மண்டலத்திலும் மாநகராட்சி ஒதுக்கினாலே பாதிப் பிரச்சினை தீரும் என்று நினைக்கிறேன். இடிக்க அனுமதி கேட்கும்போதே, உள்ளே என்னென்ன தேறும் என்று ஒரு பட்டியலை வாங்கிக்கொள்வது இன்னும் எளிது.

எங்கள் புது வீடும் சிமெண்டும் கம்பியும்தான், அதை மறைக்கவில்லை. தேறிய பழைய செங்கல் சுற்றுச்சுவருக்குப் போனது, அதை மட்டும் சுண்ணாம்புச் சாந்தில் கட்டச் சொன்னோம். தறிக்குழியின் ஓரத்தில் பதித்திருந்த கருங்கல் இப்போது வாசற்படி. தாத்தா வீட்டுக் கதவு நிலை அப்படியே புதுத் தாழ்வாரத்துக்கு வந்தது, ஐந்தரை அடி உயரம். எங்கள் மச்சான் இதுவரை மூன்று முறை தலையை இடித்துக்கொண்டார். தாழ்வாரத்துக்கு மேலே அந்தச் சீமை ஓடுகள், கீழே இரும்புச் சட்டம். சட்டத்தை வெல்டிங் வைக்காமல் முழுக்க போல்ட்டில் பூட்டியிருக்கிறோம். வருஷத்துக்கு ஒரு தடவை, ஆடி மாதத்தில், அந்த போல்ட்டுகளைச் சுரண்டித் துடைத்து எண்ணெய் விடுகிறோம்.